காலாவதியான களப்பெயர்களை மதிப்பிடுதலும் தமிழ் ஆய்வுத் தளங்களுக்கான தேடுபொறித் தணிக்கையும்

முன்னுரை

தமிழியல் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் இணைய முகவரிகள் இடம்பெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. அச்சு நூலொன்றை மேற்கோள் காட்டினால், அப்பதிப்பின் அதே பக்கத்தை நூலகத்தில் எவரும் எடுத்துப் பார்க்கலாம். இணைய முகவரிக்கு அவ்வுறுதி கிடையாது. பக்கம் அழிந்துபோவது ஒரு நிலை. அதே முகவரியில் வேறொருவர் வேறொன்றை வைத்துவிடுவது அதனினும் இடர் மிக்க நிலை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் வழங்கிய 'பிரவுன் எதிர் என்டர்டெயின்மென்ட் மெர்ச்சன்ட்ஸ் அசோசியேஷன்' தீர்ப்பில், நீதிபதி சாமுவேல் அலிட்டோ தம் கருத்துரையின் அடிக்குறிப்பொன்றில் ஒரு வலைத்தள முகவரியைத் தந்திருந்தார். பின்னர் அம்முகவரியின் பெயர் காலாவதியாயிற்று. அதை வாங்கிய வேறொருவர், இணைய மேற்கோள்களின் நிலையாமையைச் சுட்டும் குறிப்பொன்றை அங்கே வைத்தார். வைத்தவர் நகைச்சுவை உணர்வுடையவராக இருந்தது நீதிமன்றத்தின் நற்பேறு.

டொமைன் என வழங்கும் களப்பெயர் எவ்வாறு கைமாறுகிறது, கைமாறிய பெயரை எவ்வாறு மதிப்பிடுவது, எஸ்.இ.ஓ. ஆடிட் எனப்படும் தேடுபொறித் தணிக்கை தமிழ் ஆய்வுத் தளங்களுக்கு எவ்வகையில் பயன்படும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வணிக உலகில் வளர்ந்த இவ்விரு நுட்பங்களும் ஆய்வாளருக்கு வேண்டியவை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. தளத்தை வளர்ப்பதற்குப் பழைய பெயரை விலைக்கு வாங்குவதைவிட, இருக்கும் பெயரைக் காத்து உள்ளடக்கத்தைத் தேடுபொறி படிக்கத்தக்கதாக ஆக்குவதே தமிழ்த் தளங்களுக்கு மிகுந்த பயன் தரும் என்பதும் இங்கு வலியுறுத்தப்படுகிறது.

களப்பெயரின் வாழ்நாள்

களப்பெயரை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. குறிப்பிட்ட காலத்திற்குப் பதிவு செய்துகொள்கின்றனர். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொதுப்பெயர்களை ஒரே முறையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்யலாம். காலம் முடிந்த நாளிலேயே பெயர் பறிபோய்விடாது. பதிவாளர் நிறுவனம் அதிகபட்சம் 45 நாள்கள் வரை புதுப்பித்தல் சலுகை தரலாம். அதன்பின் நீக்கப்பட்ட பெயர் 30 நாள்கள் மீட்புக் காலத்தில் இருக்கும். மீட்பதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அதுவும் கடந்தால் 5 நாள்கள் கழித்துப் பெயர் பொதுவில் விடப்படும். 2013 ஆகஸ்ட் 31 முதல் நடைமுறையில் உள்ள ஐகான் அமைப்பின் கொள்கைப்படி, காலாவதியாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாள்களுக்குள்ளும் பதிவாளர் நிறுவனம் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

இத்தனை அவகாசம் இருந்தும் பெயர்கள் பறிபோவதற்குக் காரணம் எளியது. அறிவிப்பு மின்னஞ்சலுக்குச் செல்கிறது. ஆய்வுத்திட்டத்தில் பணியாற்றிய உதவியாளர் தம் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருப்பார். திட்டம் முடிந்ததும் அவர் வேறு பணிக்குச் சென்றிருப்பார். துறைத்தலைவர் ஓய்வு பெற்றால் அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சல் முடங்கும். பணம் இல்லாமல் போகும் பெயர்களைவிட, பார்க்க ஆளில்லாத அஞ்சல்பெட்டியால் போகும் பெயர்களே நம் சூழலில் மிகுதி என்று கருத இடமுண்டு.

மதிப்பீட்டில் குழப்பம் தரும் ஒரு நுட்பத்தையும் இங்கே சுட்ட வேண்டும். பதிவாளர் நிறுவனங்கள் பல, பெயர் முற்றாக நீங்கும் முன்பே அதை ஏலத்தில் விடுகின்றன. அவ்வாறு கைமாறிய பெயரின் பதிவு ஆவணத்தில் முதற்பதிவு நாள் பழையதாகவே நிற்கும். முற்றாக நீங்கி மீண்டும் பதிவு செய்யப்பட்ட பெயருக்கு மட்டுமே புதிய நாள் இடப்படும். எனவே '2003 முதல் இயங்கும் தளம்' என்று பதிவு ஆவணம் காட்டுவதால் உரிமையாளரும் 2003 முதல் ஒருவரே என்று முடிவு செய்ய இயலாது.

இணைப்பும் மேற்கோளும்

கைவிடப்பட்ட பெயருக்கு ஏன் விலை எழுகிறது? இதன் விடை ஆய்வுலகிலிருந்தே தொடங்குகிறது. யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் முன்மொழிந்து 1964இல் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, ஒரு கட்டுரையை எத்தனை கட்டுரைகள் சுட்டுகின்றன எனக் காட்டியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, மேற்கோளின் இடத்தில் இணைப்பை வைத்தது. பல பக்கங்களால் சுட்டப்படும் பக்கம் மதிப்புடையது; மதிப்புடைய பக்கத்தால் சுட்டப்படுவது மேலும் மதிப்புடையது. இன்றைய தேடுபொறிகள் வேறு பல அளவைகளையும் கொண்டு வரிசைப்படுத்துகின்றன. எனினும், பிற தளங்களிலிருந்து உள்வரும் இணைப்புகளின் பங்கு நீங்கிவிடவில்லை.

இணைப்புகள் முகவரியைச் சுட்டுகின்றனவேயன்றி ஆளைச் சுட்டுவதில்லை. மறைந்த புலவர் ஒருவருக்குக் கிடைத்த மேற்கோள்களை எல்லாம், அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட அயலார் ஒருவர் தம் கணக்கில் எழுதிக்கொள்வதைப் போன்றது இது. அதற்காகவே விலை கொடுக்கப்படுகிறது.

இதழ்க் கடத்தல்

ஆய்வாளரை நேரடியாகத் தாக்கும் வடிவம் இதழ்க் கடத்தலாகும். சுவிட்சர்லாந்தின் 'ஆர்ச்சீவ் தெ சியான்ஸ்', ஆஸ்திரியாவின் தாவரவியல் இதழான 'வுல்ஃபேனியா' ஆகியவற்றின் பெயரில் போலித் தளங்கள் அமைத்துக் கட்டுரையாளர்களிடம் பணம் பறிக்கப்பட்டதை 2013இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. அவை அசலைப் போன்று புதிதாகக் கட்டப்பட்ட தளங்கள். 2015இல் ஜான் பொஹானன் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை வேறொரு வழியைக் காட்டியது: இதழின் உண்மையான களப்பெயரே புதுப்பிக்கப்படாமல் பிறர் கைக்குச் செல்கிறது. அவ்வாறு பறிபோன 24 இதழ்களை அவர் இனங்கண்டார். எவ்வளவு எளிது என்பதைக் காட்டத் தாமே ஓர் இதழின் பெயரையும் வாங்கினார். இவ்வழியில் முகவரி போலியானதன்று. மேற்கோள் தரவுத்தளங்களிலும் நூலகப் பட்டியல்களிலும் பதிவாகியுள்ள அதே முகவரி, இப்போது கொள்ளையனின் வாயிலுக்கு அழைத்துச் செல்கிறது.

நம் சூழலில் இது கூடுதல் கவனத்திற்குரியது. பல்கலைக்கழக மானியக்குழு 2018 மே மாதத்தில் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பின்னர் வந்த யு.ஜி.சி.-கேர் பட்டியலுக்கான தளம், அசல் இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் தாங்கிய போலித் தளங்களைத் தனியே குறித்து எச்சரித்துவந்தது. அப்பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டு, இதழின் தரத்தை உயர்கல்வி நிறுவனங்களும் ஆய்வாளர்களும் தாமே மதிப்பிட வேண்டும் என்றாயிற்று. பட்டம் பெறுவதற்கும் பணிவாய்ப்புக்கும் கட்டுரையை நம்பியிருக்கும் ஆய்வாளர், இதழின் முகவரி உண்மையிலேயே அவ்விதழாரிடம் இருக்கிறதா என்று பார்க்கும் திறனைப் பெற்றாக வேண்டும். 2022 முதல் ரிட்ராக்‌ஷன் வாட்ச் வெளியிட்டுவரும் கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியல் உதவும். ஆனால் சிறிய தமிழ் இதழ்கள் பறிபோனால், அத்தகைய பட்டியல்களின் கண்ணில் விரைவில் படும் என எதிர்பார்க்க இயலாது.

மதிப்பிடும் முறை

சுவடியைப் பதிப்பிப்பவர் அது யாரிடமிருந்து வந்தது, எங்கே ஏடு முறிந்துள்ளது, எவ்விடத்தில் கையெழுத்து மாறுகிறது என்று பார்ப்பது போலவே களப்பெயரையும் பார்க்க வேண்டும். முதற்கருவி இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் வேபேக் மெஷின். 1996 முதல் திரட்டப்பட்ட பக்கங்கள் 2001இலிருந்து பொதுமக்கள் பார்வைக்கு உள்ளன. ஒரு பெயரின் ஆண்டுவாரியான படிகளை வரிசையாகத் திறந்தால், உள்ளடக்கம் எப்போது மாறியது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இடையில் ஓராண்டு வெறுமையோ 'இப்பெயர் விற்பனைக்கு' என்னும் அறிவிப்போ தென்பட்டால், அதன் இருபுறமும் உள்ளவற்றை இருவேறு தளங்களாகவே கொள்ள வேண்டும். இடைச்செருகலை இனங்காணும் பயிற்சி உடையவருக்கு இது புதிய வேலையன்று.

அடுத்தது உள்வரும் இணைப்புகள். எண்ணிக்கையைவிட, எத்தகைய தளங்கள், எச்சொற்களைக் கொண்டு சுட்டுகின்றன என்பதே முதன்மையானது. கல்வெட்டாய்வுத் தளமாக இருந்த பெயரைச் சூதாட்டத் தளங்கள் சுட்டுமானால், அப்பெயர் இடையில் ஒருமுறையாவது தவறான கையில் இருந்துள்ளது. மாஸ், ஏஹ்ரெஃப்ஸ் போன்ற நிறுவனங்கள் 100க்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகின்றன. அவை அந்நிறுவனங்களின் கணிப்புகள். கூகுள் அம்மதிப்பெண்களைப் பயன்படுத்துவதில்லை. பெயரை விற்பவர்கள் இவ்வெண்ணையே முன்னிறுத்துவதால் இதைத் தனியே சொல்ல வேண்டியுள்ளது.

பழைய பெயரை வாங்குவதே தவறு என்பதன்று. திருப்பூரின் பின்னலாடை நிறுவனம் ஒன்று, தான் விலைக்கு வாங்கிய மற்றோர் ஆடை நிறுவனத்தின் பெயரைத் தன் தளத்திற்கு வழிமாற்றினால், பழைய வாடிக்கையாளர் தேடிவந்தது அங்கே கிடைக்கும். அதே நிறுவனம் மூடப்பட்ட பள்ளியொன்றின் பெயரை வாங்கிச் சட்டை விற்றால் நிலை வேறு. 2024 மார்ச்சில் கூகுள் வெளியிட்ட கொள்கை, தேடல் வரிசையை ஏமாற்றும் முதன்மை நோக்கத்துடன் காலாவதியான பெயரை வாங்கிப் பயனற்ற உள்ளடக்கத்தை இடுவதை முறைகேடு என வரையறுக்கிறது. முன்னாள் தொடக்கப்பள்ளித் தளத்தில் சூதாட்ட உள்ளடக்கம் இடுவது, அக்கொள்கை தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

தேடுபொறித் தணிக்கை: தமிழ்த் தளங்களின் தனிச்சிக்கல்கள்

தேடுபொறியின் உலவுநிரல் ஒரு தளத்தில் எவற்றைப் படிக்கிறது, எவற்றைப் படிக்க இயலாமல் விடுகிறது, படித்தவற்றுள் எவற்றைத் தன் அட்டவணையில் சேர்க்கிறது என்று கணக்கெடுப்பதே தணிக்கை. கூகுள் சர்ச் கன்சோல் இதைக் கட்டணமின்றித் தருகிறது. முறிந்த இணைப்பு, தலைப்பில்லாப் பக்கம், ஒரே கட்டுரை இரு முகவரிகளில் இருத்தல் போன்றவை எம்மொழிக்கும் பொது. தமிழுக்கே உரிய சிக்கல்கள் வேறு.

முதலாவது எழுத்துருக் குறியேற்றம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்கப்பட்ட கட்டுரை நம் கண்ணுக்குத் தமிழ். உலவுநிரலுக்கோ, 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியக்கூடும். அக்கட்டுரையைத் தமிழ்ச்சொல் கொண்டு தேடுபவர் கண்டடைய வாய்ப்பு மிகக் குறைவு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தொடக்கத்தில் திஸ்கி போன்ற குறியேற்றங்களில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் தந்தது. இன்று சங்கப்பாடல் அடியொன்றைத் தேடினால் அதன் பக்கங்கள் கிடைப்பதற்கு அம்மாற்றமே அடிப்படை. பழைய இதழ்த்தொகுதிகளை ஒருங்குறிக்கு மாற்றுவதைவிடப் பயன்தரும் உகப்பாக்கம் தமிழ் ஆய்விதழுக்கு வேறில்லை.

இரண்டாவது, ஒருங்குறிக்குள்ளேயே உள்ள பிழை. ஔவையார் என்பதை 'ஒ', 'ள' எனத் தனித்தனியே இட்டு ஒளவையார் என எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. கண்ணுக்கு ஒன்றே; கணினிக்கு வெவ்வேறு சொற்கள். தணிக்கையின்போது தளம் முழுவதும் இவ்விரு வடிவங்களையும் தேடிப் பார்த்துவிடுவது நன்று.

மூன்றாவது முகவரி. மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதிக் கரையில் உள்ள கொழுமம், கணியூர் போன்ற ஊர்களின் கல்வெட்டுச் செய்திகளைத் தொகுக்கும் தளம் ஒன்றைக் கருதுவோம். 'மடத்துக்குளம்' தமிழில் 8 எழுத்து. ஒருங்குறியில் 13 குறியீடுகள், யு.டி.எஃப்-8 முறையில் 39 பைட். பக்க முகவரியில் அப்பெயர் தமிழிலேயே இருந்து, அதைப் படியெடுத்து ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளோடு 117 குறிகளாக நீளும். இத்தகைய முகவரி அச்சில் இரண்டு மூன்று வரிகளுக்கு உடைந்து, அடிக்குறிப்பில் பிழையாகப் பதிவாகும். உள்வரும் இணைப்பு இவ்வாறே முறிகிறது. பக்கத்தின் தலைப்பு தமிழிலும் முகவரி சுருக்கமான எண்ணிலுமாக இருப்பது ஆய்வுத் தளத்திற்கு ஏற்றது. ஆங்கிலத்தில் தேடுவோர் ஊர்ப்பெயரில் ஒற்றை இட்டும் விட்டும் எழுதுவர். திருப்பூருக்கே ஒரு 'பி', இரு 'பி' என இரு வடிவங்கள் உள்ளன. இரண்டையும் பக்கத்தின் சுருக்கவுரையில் இயல்பாக ஒருமுறை எழுதிவிட்டால் போதும்.

கூகுள் ஸ்காலரில் இடம்பெற, கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர், வெளியான நாள், இதழ், பி.டி.எஃப். முகவரி ஆகியவற்றை மேல்தரவாகப் பக்கத்தின் நிரலில் தர வேண்டும். ஒரு முழு இதழையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக ஏற்றும் பழக்கம் உள்ள இடங்களில் கட்டுரைகள் தனித்தனியே அட்டவணைப்படுவதில்லை. ஆசிரியரின் மேற்கோள் கணக்கில் அது நேரடி இழப்பு.

பெயரைக் காத்தல்

2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, அதில் இருந்த தமிழ்ப் பக்கங்களும் முகவரி இழந்தன. அவை பிறர் நிலத்தில் கட்டிய வீடுகள். சொந்தக் களப்பெயர் அவ்விடரைக் குறைக்கும். ஆனால் பதிவு, நிறுவனத்தின் பெயரிலும் இருவரேனும் பார்க்கும் பொது மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். நல்கை பெறும் திட்டங்கள், இறுதித் தவணை தீரும் முன் பெயரை 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்து, தளத்தின் படியொன்றைப் பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் வைக்கலாம். மேற்கோள் காட்டும் ஆய்வாளர், பக்கத்தைப் படித்த அன்றே வேபேக் மெஷினின் 'பக்கத்தைச் சேமி' வசதியால் ஒரு படி எடுத்து, மூல முகவரி, பார்வையிட்ட நாள், சேமித்த படியின் முகவரி ஆகிய மூன்றையும் துணைநூற்பட்டியலில் தர வேண்டும். நெறியாளர்களும் தேர்வாளர்களும் இம்மூன்றாம் முகவரியைக் கேட்கத் தொடங்கினால், இப்பழக்கம் ஓரிரு ஆண்டுகளில் பரவிவிடும்.