'அசேரா': தோப்பா, தெய்வமா?

பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ நாற்பது இடங்களில் வரும் 'அசேரா' என்னும் எபிரெயச் சொல்லை நமது பழைய திருப்புதல் 'தோப்பு' என்றும் 'தோப்பு விக்கிரகம்' என்றும் தருகிறது. கிரேக்க செப்துவஜிந்தும், இலத்தீன் வுல்காத்தாவும், 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமமும் பெரும்பாலும் இப்பொருளையே கொண்டன. மூலவாக்கியங்கள் இதற்கு இடங்கொடுக்கின்றனவா என்று ஆராய்வோம்.

முதலாவது, இச்சொல்லோடு சேர்ந்து வரும் வினைகளைக் கவனிக்க வேண்டும். அசேரா செய்யப்படுகிறது, நிறுத்தப்படுகிறது, வெட்டப்படுகிறது, சுட்டெரிக்கப்படுகிறது. பச்சையான மரங்களின் கீழெல்லாம் அது நிறுத்தப்பட்டதாக 2 இராஜாக்கள் 17:10 கூறுகிறது. மரத்தின் கீழே தோப்பை நிறுத்துவது எங்ஙனம்? உபாகமம் 16:21 'நடுதல்' என்னும் வினையை வழங்குவது மெய்யே. ஆனால் தமிழில் நாம் பயிரை நடுவதுபோலவே தூணையும் கல்லையும் நடுகிறோம் அன்றோ? எபிரெயத்திலும் அவ்வினை கூடாரம் அடிப்பதற்கு வழங்குகிறது (தானி. 11:45). ஆகவே இவ்விடங்களில் குறிக்கப்படுவது மரத்தாலான வழிபாட்டுக் கம்பம் எனலாம்.

இரண்டாவது, சில இடங்களில் இச்சொல் ஒரு தேவதையின் பெயராகும். யேசபேலின் பந்தியில் புசித்த நானூறு தீர்க்கதரிசிகள் தோப்புக்குரியவர்கள் அல்லர், அசேராவுக்குரியவர்கள் (1 இராஜா. 18:19). 1929இல் சிரியாவிலுள்ள ராஸ் ஷம்ராவில் தொடங்கிய அகழ்வுகள் பண்டைய உகாரித்து நகரின் களிமண் ஏடுகளை வெளிப்படுத்தின. அவற்றில் 'அதிராத்' என்பவள் ஏல் தேவனின் துணைவியாகவும் தேவர்களின் தாயாகவும் காணப்படுகிறாள். அசேரா அவளது பெயரின் எபிரெய வடிவமே.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. மனாசே அசேராவின் உருவத்தைக் கர்த்தருடைய ஆலயத்திலேயே வைத்தான் (2 இராஜா. 21:7). யோசியா அதை வெளியே கொண்டுபோய்க் கீதரோன் பள்ளத்தாக்கில் சுட்டெரித்தான் (23:6). 'தோப்பு' என்று வாசிக்கும் சபையார், பாவம் எங்கோ ஒரு மலைச்சாரலில் நடந்ததாக எண்ணுவர். கர்த்தரை மறுத்து அல்ல, அவருக்கருகே வேறொருத்தியை வைத்தே யூதா வழுவிற்று என்பது அவர்களுக்கு மறைந்துபோகும்.

ஆகவே, தேவதையைக் குறிக்கும் இடத்தில் 'அசேரா' என்றும், நிறுத்தப்பட்ட பொருளைக் குறிக்கும் இடத்தில் 'அசேராக் கம்பம்' என்றும் மொழிபெயர்ப்பது தகும். பழைய திருப்புதலை வாசிக்கும் போதகர் பிரசங்கத்தில் இதனை விளக்குவாராக. அப்பொழுது கேட்போர் தூரத்துத் தோப்பை அல்ல, தங்கள் ஆலயத்தின் உட்புறத்தையே சோதித்தறிவர்.