அம்பிகாபதி கதையில் அவசரமும் ஆணையும்

அம்பிகாபதி – அமராவதி கதையின் அவலத்திற்கு அமராவதியின் எண்ணுப்பிழையே காரணமெனக் கொள்வது பொதுவழக்கு. சிற்றின்பச் சாயலின்றி 100 பாடல்கள் பாடினால் இளவரசியை மணக்கலாம் என்பது கம்பரின் மகனுக்குச் சோழன் விதித்த நிபந்தனை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி, 99 பாடல்கள் முடிந்த நிலையிலேயே வெளிப்படுகிறாள், அவளைக் கண்டதும் காதற்பாடல் பாடிய அம்பிகாபதி கொலைத்தண்டனை பெறுகிறான், அவளும் உயிர்துறக்கிறாள்.

இருவரின் அவசரமும் மறுக்கவியலாதது. ஆயினும் எண்ணுப்பிழையை உயிரிழப்பாக்கியது நிபந்தனையே. மணம் மறுக்கும் தந்தையும் தண்டிக்கும் வேந்தனும் ஒருவனாதலின், குடும்பப் பிணக்கு அரசாணையாகிறது. சினம் தணியக் காலமில்லை.

அக இலக்கிய உடன்போக்கிலும் தலைவி சுற்றத்தை மீறியே செல்கிறாள். அங்கோ, தேடிவரும் செவிலியைக் கண்டோர் தேற்றி, மகளின் செயல் அறத்தின்பாற்பட்டதென உணர்த்துவர். துணிவு ஒன்றே, அதனை எதிர்கொள்ளும் சுற்றமே வேறு.

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி' (1937) திரைப்படம் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' காட்சிகளைத் தழுவியது பொருத்தமே. இரு கதைகளிலும் இளையோரின் அவசரம் அழிவுக்கு வாயில் மட்டுமே. அதற்கு வேர் மூத்தோரின் வன்மம் எனலாம்.