ஈரலில் சந்திக்கும் இரு மருந்துகள்

மூளையின் நரம்பணுக்கள் பல ஒரே சமயத்தில் கட்டுக்கடங்காமல் துடிக்கும்போது வலிப்பு தோன்றுகிறது. நரம்பணுவின் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் வழியே கால்சியம் உட்புகுதல் அத்துடிப்புக்குத் துணை செய்கிறது. அவ்வாயில்களை அடைத்தால் வலிப்பு அடங்குமன்றோ? சிறுவர்க்குக் கணநேரம் நினைவு தவறும் ஒருவகை வலிப்பை எத்தோசக்சிமைடு என்னும் மருந்து இவ்வழியிலேயே தணிக்கிறது.

ஆகவே, இரத்த அழுத்தத்துக்கு வழங்கும் கால்சியத் தடுப்பு மருந்துகளையும் வலிப்பு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். எதிர்பார்த்த நன்மை உறுதிப்படவில்லை. எதிர்பாராத இடரொன்று வெளிப்பட்டது. வலிப்பு மருந்தாகிய கார்பமசிப்பினைச் சிதைத்து அகற்றுவது ஈரலின் வேலை. கால்சியத் தடுப்பு மருந்தாகிய வெரப்பமில் அவ்வேலையைத் தடை செய்கிறது. அதனால் கார்பமசிப்பின் இரத்தத்தில் மிகுந்து, தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் உண்டாவதை 1986-இல் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். மற்றொரு புறம், கார்பமசிப்பினும் பெனிட்டாயினும் ஈரலை விரைவுபடுத்தி, நிபெடிப்பின் போன்ற இரத்த அழுத்த மருந்துகளின் பயனைக் குறைத்துவிடும்.

ஆதலின், வலிப்புக்கு மருந்து உண்பவர் வேறு நோய்க்கு வேறு மருத்துவரை நாடினாலும், தாம் உண்பன அனைத்தையும் அவரிடம் கூறுதல் வேண்டும். அச்சத்தால் வலிப்பு மருந்தைத் தாமே நிறுத்திவிடுவதோ பேராபத்தாக முடியும்.