பீட்ரூட்டில் வெள்ளை வளையமா? தூக்கிப் போடாதீங்க!

கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் கேரட், உருளை, பூண்டோடு பீட்ரூட்டும் விளைகிறது. அதைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மரத்தை அறுத்தால் தெரிவதுபோல வளையம் வளையமாக இருக்கும்.

மரத்தில் வளையத்தை எண்ணினால் வயது தெரியும். பீட்ரூட்டோ மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் எப்படி இத்தனை வளையம்?

மரத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் 'கேம்பியம்' என்ற மெல்லிய அடுக்கு உண்டு. உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உருவாக்கி மரத்தைப் பருமனாக்குவது அதுதான். ஆயுசுக்கும் அந்த ஒரு கேம்பியமே வேலை பார்க்கும். பீட்ரூட்டில் அப்படியில்லை. முதல் கேம்பியம் வேலையைத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அதற்கு வெளியே இன்னொன்று, அதற்கும் வெளியே மற்றொன்று எனக் கிளம்பிவிடும். வேர் ஒல்லியாக இருக்கும்போதே பெரும்பாலான வளையங்கள் தயார். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் பெருக்கின்றன.

இலையில் தயாராகும் சர்க்கரை இந்த வளையங்கள் வழியாகத்தான் இறங்கி, இடையிலுள்ள சதையில் சேர்கிறது. ஒரே மெயின் ரோட்டுக்குப் பதில் தெருவுக்குத் தெரு ரோடு போட்ட மாதிரி! பீட்ரூட்டில் இருப்பதும் கரும்புச் சர்க்கரையேதான் என்று ஜெர்மனியின் மார்க்ராஃப் 1747-ல் கண்டறிந்தார். இன்று உலகச் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, இதன் உறவான சர்க்கரை பீட்டிலிருந்து வருகிறது.

பாடப்புத்தகம் இதை 'அசாதாரண இரண்டாம் நிலை வளர்ச்சி' என்கிறது. ஏதோ குறைபாடு என்பதுபோல! ஆனால் பீட்ரூட்டின் சொந்தக்காரர்களான தண்டுக்கீரையிலும் வாசல் காகிதப்பூவிலும் இதே ஏற்பாடுதான். ஆச்சரியம், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரமேறிப் படரும் நீட்டம் கொடி. பீட்ரூட்டுக்கும் அதற்கும் ஒட்டுறவே இல்லை. அது பூக்கும் தாவரமே அல்ல. தனி வழியில் வந்தும் அதே உத்தியைப் பிடித்திருக்கிறது. வளையங்களுக்கு நடுவிலுள்ள மென்மையான திசுவால் கொடி முறுக்கினாலும் சட்டென்று ஒடியாது.

சரி, வெள்ளை வளையத்துக்கு வருவோம். பீட்ரூட்டுக்குக் குளிர்தான் பிடிக்கும். மலையில் நிறம் அடர்த்தியாக ஏறும். வளரும்போது வெயில் கூடினால் சில வளையங்கள் வெளிறிவிடும், அவ்வளவுதான். கெட்டுப்போனது என்று நாம் ஒதுக்கினால், நஷ்டம் விளைவித்தவருக்கு. பொரியலுக்குத் தாராளமாகப் போடலாம்.

உள்ளே கறுப்புத் திட்டு இருந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் மண்ணில் போரான் சத்துக் குறைவால் வருவது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எறியுங்கள்.