சரக்குந்துகளில் ஹெடர் இடைவெளி

ஹெடர் என்பது உள் எரி பொறியின் ஒவ்வோர் உருளையிலிருந்தும் எரிந்த வளிமத்தைத் தனித்தனி எஃகுக் குழாய் வழியே வெளிக்கொணர்ந்து, அக்குழாய்களை ஒரே திரட்டுக் குழாயில் சேர்க்கும் அமைப்பு ஆகும். தொழிற்சாலையில் பொருத்தப்படும் வார்ப்பிரும்பு மானிபோல்டுக்கு மாற்றாக, உரிமையாளர்கள் இதனை வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்துகின்றனர். அப்போது குழாய்கள் வாகனத்தின் பிற உறுப்புகளில் இடிப்பதும் அளவுக்கு மீறி நெருங்கி நிற்பதும் இடைவெளிச் சிக்கல் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவின் பழைய வி8 பிக்கப் சரக்குந்துகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. இங்கு 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலே சி10 எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

காரணங்கள்

வார்ப்பிரும்பு மானிபோல்டு பொறியின் பக்கத்தை ஒட்டியே அமைவதால் குறைந்த இடமே கொள்ளும். ஹெடரின் பயனோ குழாயின் நீளத்தைச் சார்ந்தது. ஓர் உருளையிலிருந்து வெளியேறும் வளிமத் துடிப்பு அடுத்த உருளையின் கழிவை இழுக்க உதவ வேண்டுமாயின், குழாய்கள் போதிய நீளத்துடன் வளைந்து செல்ல வேண்டும். 1955இல் அறிமுகமான செவ்ரோலே சிறு வி8 பொறியில் நடு இரு உருளைகளின் வெளியேற்றுத் துளைகள் அருகருகே உள்ளன. எனவே குழாய்கள் அங்கேயே நெருக்கியடிக்கத் தொடங்கிவிடும்.

மேலும், ஒரே ஹெடர் பல்வேறு பற்சக்கரப் பெட்டிகளுக்கும் ஸ்டீயரிங் வகைகளுக்கும் பொருந்துமாறு விற்கப்படுகிறது. ஐம்பது ஆண்டு பழமையான வண்டியின் பொறித் தாங்கிகளில் ரப்பர் அமிழ்ந்திருந்தால், பொறியே சில மில்லிமீட்டர் கீழிறங்கியிருக்கும். குற்றம் ஹெடரில் இருப்பதாக எண்ணப்படும் பல இடங்களில் உண்மைக் குற்றவாளி இந்தத் தாங்கியே.

இடிக்கும் இடங்கள்

ஓட்டுநர் அமரும் இடப்பக்கத்தில் ஸ்டீயரிங் தண்டு, எண்ணெய் வடிகட்டி, கிளட்ச் நெம்புகோல் ஆகியன உள்ளன. வலப்பக்கத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் உள்ளது. இருபுறமும் ஸ்பார்க் பிளக் உறைகள் குழாய்களுக்கிடையே அகப்படும்.

இவற்றுள் ஸ்டீயரிங் தண்டும் பிரேக் குழாயும் உயிர் தொடர்பானவை. தண்டையும் ஸ்டீயரிங் பெட்டியையும் இணைக்கும் ரப்பர் இணைப்பு தொடர்ந்த வெப்பத்தால் சிதையும். டாட் 3 வகை பிரேக் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு. ஈரம் உறிஞ்சிய பின் 140 பாகை வரை குறையலாம். திரவம் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகி, மிதி கீழே சென்றும் பிரேக் பிடிக்காது.

அசைவும் விரிவும்

வண்டி நிற்கும்போது உள்ள இடைவெளி ஓடும்போது இராது. 75 செ.மீ. நீளமுள்ள எஃகுக் குழாய் 500 பாகை சூடேறினால் ஏறத்தாழ 4.5 மி.மீ. நீளும். அத்துடன், முடுக்கும்போது சுழல்விசையின் எதிர்விளைவால் வி8 பொறியின் இடப்பக்கம் மேலெழும். ஸ்டீயரிங் தண்டும் அப்பக்கமே உள்ளது. தாங்கி முறிவு எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு, 1971இல் இக்காரணத்தால் செவ்ரோலே ஏறத்தாழ 67 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது சான்றாகும். ஆகவே தண்டின் அருகே ஒரு விரல் கனமேனும் இடைவெளி இருப்பது நன்று.

சரிசெய்யும் முறைகள்

முதலில் தாங்கிகளைப் புதுப்பிக்க வேண்டும். பின்னர் ஹெடரைச் சில போல்ட்டுகளில் மட்டும் பொருத்தி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். ஐயமுள்ள இடத்தில் மென்களிமண் உருண்டையை வைத்து, பொறியை நெம்பி அசைத்தால் அது நசுங்கும் அளவு உண்மை இடைவெளியைக் காட்டும்.

ஸ்டார்ட்டர் இடித்தால் பற்சக்கரக் குறைப்பு வகையைச் சேர்ந்த சிறிய மோட்டார் பொருந்தும். ஸ்பார்க் பிளக்குக்குக் குட்டை வகையும் செங்கோண உறையும் உண்டு. எண்ணெய் வடிகட்டியை வேறிடத்துக்கு மாற்றலாம். பிரேக் குழாயை விலக்கி வளைத்து, வெப்பத் தடுப்புத் தகடு இடுவது வழக்கம்.

எஞ்சியிருப்பது குழாயையே நெளிப்பது. இது திறனைக் கெடுக்கும் என்ற அச்சம் மிகையானது. வட்டக் குழாயை ஒரு திசையில் 10 விழுக்காடு அமுக்கி நீள்வட்டமாக்கினால் உட்பரப்பு ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடே குறையும். 25 விழுக்காடு அமுக்கினால் குறைவு எட்டு விழுக்காட்டைத் தாண்டும். ஹெடரைக் கழற்றி, குறித்த இடத்தை வாயு விளக்கால் செந்நிறமாகச் சூடாக்கி, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். கூர்மையான மடிப்பில் பின்னாளில் விரிசல் காணும். மேற்பூச்சு உள்ள குழாயில் அப்பூச்சு எரிந்துபோகும் என்பதால், பளபளப்பான பூச்சுடன் வாங்கியவர்கள் இங்குத் தயங்குவதுண்டு. நெளிவு போதாதெனில் குழாயை வெட்டி வளைவை மாற்றிப் பற்றவைக்கலாம், அல்லது பொறியை ஒட்டியமையும் குட்டை ஹெடருக்கு மாறலாம். ஸ்டீயரிங் தண்டைத் தேய்ப்பதோ அடிச்சட்டத்தை வெட்டுவதோ எந்நிலையிலும் தீர்வாகாது.

குழாயைச் சுற்றும் வெப்பத் துணி அருகிலுள்ள உறுப்புகளைக் காக்கும்; ஆயினும் ஈரத்தைத் தேக்குவதால் சாதாரண எஃகு விரைவில் துருப்பிடிக்கும். பீங்கான் பூச்சுக்கு அக்குறை இல்லை, விலை கூடுதல். பொருத்திய பின் பொறி சில முறை சூடாகிக் குளிர்ந்ததும் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, குழாய்களில் உராய்வுத் தடம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.