புது ரவுட்டருக்கு முன் ஒரு பழைய ரேடியோ

தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம். வைஃபை திணறினாலோ, மின்னல் எஃப்எம் கரகரத்தாலோ உடனே கடைக்கு ஓடாதீர்கள். காரணம் பல நேரம் உங்கள் வீட்டுச் சுவரிலேயே செருகிக் கிடக்கும்.

வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசான் சிற்றூரில் ஒன்றரை ஆண்டாகக் காலை ஏழு மணியானால் இணையம் படுத்துவிடும். கம்பிகளை மாற்றியும் பயனில்லை. 2020இல் பொறியாளர்கள் அலைகளை அளக்கும் கருவியோடு ஊரைச் சுற்றிக் கண்டுபிடித்தார்கள்: ஒருவர் தினமும் அந்நேரத்தில் போட்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டிதான் காரணம்.

அந்தக் கருவி நமக்கு வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஏஎம் ரேடியோவை, நிலையம் இல்லாத இடத்தில் திருப்பி வையுங்கள். கணினியை முறைப்படி நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு உங்கள் வீட்டில், நிற்காவிட்டால் வெளியே. வீட்டில்தான் என்றால் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ரேடியோவைப் பிளக்குகளின் அருகே கொண்டுபோங்கள். எங்கே அலறுகிறதோ அதுதான்.

பெரும்பாலும் மலிவு சார்ஜரோ எல்இடி விளக்கோ சிக்கும். 230 வோல்ட்டைக் குறைக்க இவை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டுகின்றன. அதில் எழும் இரைச்சலை வடிகட்டும் பாகத்தை மலிவுச் சரக்கில் விட்டுவிடுவார்கள், வயரே ஆன்டெனாவாகிவிடும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஃபெரைட் வளையத்தை வயரில் மாட்டிப் பாருங்கள். அடங்காவிட்டால் சிரிம் முத்திரையுள்ள சார்ஜருக்கு மாறுங்கள்.

வைஃபை வேறு கதை, அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏஎம் ரேடியோவுக்குக் கேட்காது. மைக்ரோவேவ் அடுப்பு 2.45இல் வேலை செய்வதால், ஒரு கோப்பைத் தண்ணீரைச் சூடாக்கி வேகம் விழுகிறதா என்று பாருங்கள். ரவுட்டரை ஒட்டி யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருந்தால் தள்ளி வையுங்கள். அடுக்குமாடியில் அண்டை வீட்டு ரவுட்டர்களே நெரிசல். இலவசச் செயலியில் பார்த்து 1, 6, 11 சேனல்களில் காலியானதை எடுங்கள். அதே அறையில் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் அது தடித்த செங்கல் சுவரைத் தாண்டத் திணறும். ரவுட்டரை வாசலிலிருந்து வீட்டின் நடுவுக்கு நகர்த்துங்கள்.

இரைச்சல் வெளியே என்றால், வரும் நேரங்களைக் குறித்து மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் கொடுங்கள். அனுமதியில்லாத சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள்: அது கைப்பேசிக் கோபுரத்தையே குழப்பும், சட்டப்படியும் குற்றம்.