மிதிவண்டி உலா

ஓரூரிலிருந்து மற்றோரூரை அடைவது வேறு. இடைப்பட்ட நிலத்தை அறிவது வேறு. பேருந்தில் செல்வோன் விரைவில் ஊர் சேர்வான். ஆயின் வழியில் கடந்த ஏரியின் பெயர் யாது என்று வினவினால் விடை கூற அறியான். நடந்து செல்வோன் யாவற்றையும் காண்பான்; ஆயின் ஒரு பகலில் அவன் காணும் நிலம் சிறிது. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று, நடையின் நன்மையையும் ஊர்தியின் நன்மையையும் ஒருங்கே தருவது மிதிவண்டி.

நடப்பவன் தன் உடலின் சுமையை ஒவ்வோர் அடியிலும் தூக்கி இறக்க வேண்டியுள்ளது. மிதிவண்டியிலோ அச்சுமையை இருக்கை தாங்குகின்றது. கால்கள் உருளையைச் சுழற்றினாற் போதும். ஆதலால், சமநிலத்தில் நடப்பதற்கு வேண்டும் ஆற்றலைக் கொண்டே ஏறத்தாழ மும்மடங்கு தொலைவை மிதிவண்டியில் கடக்கலாம். அவ்வாறு கடக்கும்போதும் கண்ணும் காதும் மூக்கும் அடைபடுவதில்லை. களத்துமேட்டு வைக்கோலின் மணமும், மதகில் பாயும் நீரின் ஓசையும் பயணியை வந்தடைகின்றன. நிற்க வேண்டுமெனத் தோன்றினால் அக்கணமே நிற்கலாம்.

இவ்வண்டி இன்றைய வடிவத்தைப் பெறுவதற்கு எழுபது ஆண்டுகள் ஆயின. 1817ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டினரான கார்ல் வான் டிரைசு மரத்தால் ஓர் இருசக்கர வண்டியைச் செய்தார். அதற்கு மிதிகள் இல்லை. காலால் தரையை உந்தியே அதனைச் செலுத்தினர். 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கெம்பு ஸ்டார்லி என்பார், ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் அமைந்த வண்டியை வெளியிட்டார். 1888ஆம் ஆண்டில் ஜான் பாய்டு டன்லப்பு காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமை பெற்றார். அதன் பின்னரே கரடுமுரடான பாதையிலும் உடல் நோகாமல் நெடுந்தொலைவு செல்ல இயன்றது.

இங்கிலாந்து மக்கள் இவ்வண்டியைத் தொழிலுக்கு மட்டுமன்றி நாடு காண்பதற்கும் பயன்படுத்தினர். மிதிவண்டியில் உலாச் செல்வோர்க்கெனவே 1878ஆம் ஆண்டில் அங்கு ஒரு சங்கம் தோன்றியது. செங்குத்தான சரிவுகளின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகளை நாட்டியும், பயணிகள் தங்கத்தக்க விடுதிகளைத் தேர்ந்தும் அச்சங்கம் உதவிற்று. அந்நாட்டுக் குன்றுகளிடையே வேலிச்செடிகளுக்கும் கற்சுவர்களுக்கும் நடுவே குறுகிய பாதைகள் வளைந்து செல்கின்றன. உலாச் செல்வோர் பெருஞ்சாலையை விடுத்து அப்பாதைகளையே நாடுவர். ஏற்றம் மிகுந்தால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்வர். அதனை இழிவாகக் கருதார். எத்துணை விரைவிற் சென்றோம் என்பதன்று, எதனைக் கண்டோம் என்பதே அவர்தம் கணக்கு.

நம் நாட்டிலும் மிதிவண்டியில் நெடும்பயணம் செய்தோர் உளர். 1923ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞருள் மூவர், பாலைவனங்களையும் மலைகளையும் கடந்து 1928ஆம் ஆண்டில் மீண்டனர். உலகைச் சுற்றுவது எல்லோர்க்கும் இயல்வதன்று. தன்னூரைச் சுற்றி வருவதோ மிதிவண்டியுடைய எவர்க்கும் இயலும். அவ்வுலாவிற்கு ஏற்ற ஒரு வழி காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் தொடங்குகின்றது.

மார்கழி, தை மாதங்களே இதற்குத் தக்க காலம். வெயில் மிகாது, ஏரிகளில் நீர் நிற்கும், பறவைகள் வந்திறங்கியிருக்கும். புறப்படுமுன் டயர்களில் காற்றையும், பிரேக்கையும், சங்கிலியையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். குடிநீரும், கைப்பம்பும், பஞ்சர் ஒட்டுவதற்கு வேண்டுவனவும் உடனிருத்தல் நலம். விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பெரும்பகுதி வழி கடந்துவிடும்.

ஏனாத்தூரிலிருந்து வாலாசாபாத்து வழியாகப் பழைய சீவரத்தை அடையலாம். அங்குப் பாலாற்றங்கரையில் ஒரு குன்றும், அதன்மேல் இலட்சுமி நரசிம்மர் கோயிலும் உள்ளன. வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மேலேறி நோக்கினால், அகன்ற மணற்பரப்பும், அதனிடையே ஓடும் நீரும், எதிர்க்கரையில் திருமுக்கூடலும் தோன்றும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் ஆதலின் அவ்வூர் அப்பெயர் பெற்றது. காஞ்சியைத் தொட்டு வரும் வேகவதியும், ஏனாத்தூரிலிருந்து வரும் பயணியும் ஏறத்தாழ ஒரே திசையில் வந்து இங்குச் சேர்கின்றனர். நிலம் எப்பக்கம் தாழ்ந்துள்ளதோ அப்பக்கம் ஆறு ஓடுகின்றது. மிதிவண்டியும் எளிதில் உருள்கின்றது.

பாலத்தைக் கடந்தால் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில். 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் இங்குப் பொறித்த கல்வெட்டு ஒன்று, பதினைந்து படுக்கைகளுடன் ஒரு மருத்துவச்சாலை நடைபெற்ற செய்தியைக் கூறுகின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு அளித்த ஊதியமும், அங்கு வைத்திருந்த மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. பெருஞ்சாலையில் விரைவோர் இதனை அறியாமலே போய்விடுகின்றனர்.

தெற்கே உத்திரமேரூர் நோக்கிச் செல்லும்போது கல்லேற்றிய லாரிகள் எதிர்ப்படும் சாலையை விடுத்து, ஊர்களின் ஊடே செல்லும் சிறுபாதைகளைத் தேர்ந்துகொள்வது அறிவுடைமை. அப்பாதைகள் பெரும்பாலும் ஏரிகளை ஒட்டியே செல்கின்றன. பேருந்தில் இருப்போர்க்கு இந்நிலம் பலகை போல் தட்டையாகத் தோன்றும். மிதிப்பவன் காலோ அதன் மேடுபள்ளத்தை உள்ளபடி உணரும். மிதிக்காமலே வண்டி ஓடுமிடம் தாழ்நிலம். முழங்கால் நோகுமிடம் மேட்டுநிலம். இம்மெல்லிய சரிவை நன்கறிந்தே நம் முன்னோர் ஏரிகளை அமைத்தனர். மேலேரி நிரம்பினால் மிகுநீர் கலங்கலின் வழியாக வழிந்து கால்வாயில் ஓடிக் கீழேரியைச் சேரும். அது நிரம்பினால் அடுத்ததைச் சேரும். இடையில் ஒரு கால்வாய் தூர்ந்தாலும், மேலூரில் நீர் தேங்கக் கீழூர் வறளும். ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்தவர்க்கு நிலத்தின் சரிவே நூலாக உதவிற்று.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை விளக்குகின்றன. அவ்வாய்ப்பு நிலமும் கல்வியும் உடையோர்க்கே இருந்தது. எனினும் ஒரு செய்தி இன்றும் எண்ணத்தக்கது. ஏரியைக் காப்பதற்கென்றே அறுவர் கொண்ட ஏரி வாரியம் அங்கு இருந்தது. முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்தற்கு உரியர் அல்லர் என்ற விதியும் இருந்தது. ஏரியும் கணக்கும் ஊரார் கண்ணுக்குத் தப்பலாகாது என்பதே அதன் கருத்து.

இரவு உத்திரமேரூரில் தங்கி, மறுநாள் வேடந்தாங்கலை அடையலாம். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரியில், நீரில் நிற்கும் மரங்களின்மேல் நத்தைக்குத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை ஊரார் தலைமுறைகளாக அறிவர். ஆதலால் பறவைகளைச் சுடவும் வெருட்டவும் விடாது காத்து வந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாவட்ட ஆட்சியராக இருந்த லயனல் பிளேசு, அவர்தம் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பிறர் சொல்லி அறியுமுன் அவ்வூரார் தம் ஏரியை நாடோறும் கண்டறிந்தனர், அறிந்ததனாற் காத்தனர்.

இவ்வுலாவின் பயன் ஈதே. தூர்ந்த கால்வாயும், உடைந்த மதகும், குப்பை கொட்டிய கரையும் விரைந்து செல்வோர் கண்ணிற் படுவதில்லை. கண்ணிற் படாதது கருத்திற் படாது. கருத்திற் படாததைக் காப்பார் இலர். தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்குகின்றது. பள்ளிக்குச் செல்ல உதவும் அவ்வண்டி, விடுமுறை நாளில் மற்றொரு பாடத்திற்கும் உதவும். தன்னூர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகின்றது, நிரம்பினால் எவ்வூருக்குச் செல்கின்றது என்னும் இரு வினாக்களோடு கால்வாயைப் பின்தொடர்ந்து ஒருவன் மெல்ல மிதித்துச் செல்வானாயின், மாலையில் மீளும்போது அவன் தன் நாட்டை முன்னினும் நன்கறிந்தவனாய் மீள்வான்.